ஒரு சுண்டு எத்தனை கிராம்?

18.11.2023

ரொறன்ரோவில் இருக்கும் மருமகள் நேற்று இரவு கேட்டாள்: “மாமி, ஒரு சுண்டு எத்தனை கிராம்?” சுண்டு என்பது எங்கள் அடுப்படியில் அரிசி, மா எல்லாம் அளக்கும் பேணி. நான் யோசிக்காமல் 250 என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மனம் உறுத்தியது. 250 எது? அரிசியா, மாவா, சீனியா? எதைப் போட்டாலும் சுண்டு அதே சுண்டுதான், ஆனால் தராசு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்குச் சொல்லும். இது பாடசாலையில் படித்த விஷயம். கனவளவு வேறு, நிறை வேறு, இரண்டுக்கும் நடுவில் அடர்த்தி. தெரிந்திருந்தும் வாய் 250 என்றது.

அவள் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அம்மாவின் சமையல் கொப்பியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தேன். அதைப் பார்த்துப் பயற்றம் பணியாரம் செய்யப்போய், உருண்டை பிடிக்க வராமல் களியாகக் கிடந்ததாம். அவ்வளவு பயறும் வீண்.

என் முடிவு இப்போதே: இனி சுண்டு, பேணி, கோப்பை எல்லாவற்றையும் விட்டுவிட்டு எல்லோரும் கிராமுக்கு வந்துவிட வேண்டும். மறுப்பவர்கள் எழுதுங்கள்.

19.11.2023

நிறுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுண்டு அம்மாவின் காலத்தது. பிட்டு மாவைக் கொத்திக் கொத்தி வாய் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து, கத்தி போல மெலிந்திருக்கிறது. அடியில் ஒரு நெளிவு. வெறும் சுண்டைத் தராசில் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, விளிம்பு வரை தண்ணீர் விட்டேன். 282 கிராம். தண்ணீர் ஒரு கிராம் ஒரு மில்லிலீற்றர் என்பதால் சுண்டின் கொள்ளளவு 282 மில்லிலீற்றர்.

இந்த எண் எனக்கு ஆச்சரியம் தந்தது. ஆங்கிலேயரின் அரைப் பைந்து 284 மில்லிலீற்றர். நாலு சுண்டு ஒரு கொத்து, கால் கலன் 1136 மில்லிலீற்றர், என் நாலு சுண்டு 1128. நெளிவைக் கழித்தால் கணக்கு நேராகிறது. பங்கீட்டுக் கூப்பன் காலத்தில் ஒரு கொத்து அரிசி இரண்டு றாத்தல் என்று அப்பா சொல்வார். அதையும் பார்த்தேன். ஒரு சுண்டு நாட்டரிசி தலை தட்டி 236 கிராம். நாலுக்கு 944. இரண்டு றாத்தல் 907. தலையைக் கொஞ்சம் ஆழமாகத் தட்டினால் சரி.

பிறகு கையில் அகப்பட்டதையெல்லாம் நிறுத்தேன். சீனி 242. பயறு 238. ரவை 196. அரிசிமாவை நிறுத்தபோதுதான் சிக்கல் வந்தது. அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

அதே நாள் இரவு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய அலுமினியச் சுண்டு ஒன்றும் அலுமாரிக்குள் கிடந்தது. அதற்குத் தண்ணீர் 262. ரின்பால் பேணி ஒன்றைக் கழுவி அளந்தேன், 300 சொச்சம். ஒரே வீட்டுக்குள் மூன்று “சுண்டு”. இதில் எந்தச் சுண்டைக் கேட்டாள் மருமகள்?

22.11.2023

பணியாரம் களியான கதை துலங்கிவிட்டது.

கொப்பியில் இருப்பது: பயறு 4 சுண்டு, சீனி ஒன்றரை றாத்தல், தேங்காய் 1. மருமகளிடம் சுண்டு இல்லை. ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்ரிக் கோப்பையை எடுத்திருக்கிறாள். “எல்லாத்துக்கும் ஒரே கோப்பைதானே மாமி, விகிதம் மாறாதே” என்றாள். அவள் சொன்ன நியாயம் சரியானது. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால் பாத்திரம் சின்னதோ பெரிதோ பண்டம் ஒன்றாகத்தான் வரும். ஆனால் சீனியை அவள் கோப்பையால் அளக்கவில்லை. றாத்தல் என்று இருந்ததால் 454ஐ ஒன்றரையால் பெருக்கி, 680 கிராம் என்று தராசில் வைத்துத் துல்லியமாக நிறுத்திருக்கிறாள்.

ரைஸ் குக்கர் கோப்பை 180 மில்லிலீற்றர். அது ஜப்பானின் பழைய அரிசி அளவு, ‘கோ’ என்பது. இன்றைக்கும் உலகம் முழுக்க ரைஸ் குக்கர்களோடு அதுதான் வருகிறது. நாலு கோப்பை 720 மில்லிலீற்றர். அம்மாவின் நாலு சுண்டோ 1128. பயறு மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைந்துபோயிற்று, சீனி முழுதாக விழுந்தது. அந்தப் பயறுக்கு 434 கிராம் சீனி போதும். ஏறத்தாழ 250 கிராம் சீனி கூடிப் பாகானால் எந்தக் கை உருண்டை பிடிக்கும்?

ஆகவே பிழை சுண்டிலும் இல்லை, கிராமிலும் இல்லை. ஒரே குறிப்பில் பாதி கனவளவு, பாதி நிறை. ஊரில் அதே சுண்டு கையில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கடல் தாண்டியதும் உடைந்துவிட்டது.

18ஆம் திகதி எழுதிய தீர்ப்பைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறேன்.

25.11.2023

அரிசிமா. இதை எல்லோரும் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

பச்சையரிசியை ஊறவைத்து, மில்லில் அரைத்து, வறுத்து, அரிதட்டில் அரித்த மா. அதே மா, அதே சுண்டு, அதே பத்து நிமிடம். அரித்த கையோடு கரண்டியால் அள்ளி மெல்லத் தூவி நிரப்பித் தலை தட்டினேன்: 146 கிராம். சுண்டையே மாவுக்குள் விட்டு அள்ளித் தலை தட்டினேன்: 172. நிரப்பும்போது மேசையில் நாலு தட்டுத் தட்டி, இறங்க இறங்கப் போட்டேன்: 195. மூன்று தடவை திரும்பச் செய்தேன், இரண்டு மூன்று கிராம் அங்கே இங்கே, அவ்வளவுதான் வித்தியாசம்.

146க்கும் 195க்கும் இடையில் 49 கிராம். மூன்றில் ஒரு பங்கு கூடுதல்! சீனியை எப்படிப் போட்டாலும் இந்த ஆட்டம் இல்லை. தட்டினாலும் 242 என்பது 250ஐத் தொடுவதே பெரிய காரியம். குருணிகள் ஒன்றன்மேல் ஒன்று இருந்தபடி இருக்கும். மாவுக்குள் காற்று இருக்கிறது. அரித்தால் காற்று ஏறும், வைத்திருந்தால் இறங்கும். ரின்னில் ஒரு கிழமை கிடந்த மாவை அரிக்காமல் அள்ளிப் பாருங்கள், 180க்குக் கிட்ட நிற்கும்.

அம்மா எப்போதும் “அரிச்ச மா ரண்டு சுண்டு” என்றுதான் சொல்வா. “ரண்டு சுண்டு மாவை அரிச்சு எடு” என்று ஒருநாளும் சொன்னதில்லை. இந்த வேறுபாடு எனக்கு இத்தனை வருடம் காதில் ஏறவில்லை. கொப்பியில் அந்த “அரித்த” என்ற சொல்லை நான் பார்த்தெழுதும்போது விட்டுவிட்டேன். இன்று பேனாவால் திரும்பச் சேர்த்தேன்.

கோதுமை மாவும் இப்படித்தான். அரித்துத் தூவினால் 138, அள்ளினால் 165. அவித்த மா என்றால் கட்டி உடைத்து அரித்த பிறகு மட்டும் அளக்கவும்.

03.12.2023

“அப்படியென்றால் மாவுக்குக் கிராம்தான் முடிந்த முடிவு” என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்து நாளாக விடாத மழை, அதில் ஒரு சோதனை செய்தேன்.

வறுத்து ஆறிய அரிசிமா 200 கிராம். தட்டில் பரப்பி, குசினி யன்னலோரம் இரவு முழுக்கத் திறந்து வைத்தேன். காலையில் 207. ஏழு கிராம் மா எங்கிருந்தும் வரவில்லை, அது காற்றில் இருந்த ஈரம். மழைக்காலத்தில் 200 கிராம் நிறுத்தால் கொஞ்சம் தண்ணீரையும் சேர்த்து நிறுக்கிறோம். பங்குனி வெயிலில் அதே 200இல் தண்ணீர் குறைவு, மா கூட.

ஏழு கிராமால் இடியப்பம் கெடாது. ஆனால் பிட்டுக்கு இது போதும். பிட்டுக்குத் தண்ணீர் அளவு கேட்கிறவர்களுக்கு நான் எண் சொல்வதில்லை, சொல்லவும் மாட்டேன். கொதிநீரைத் தெளித்துத் தெளித்துக் குழைக்க வேண்டும். பிடித்தால் பிடியில் நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். பிறகு சுண்டு விளிம்பால் கொத்தும்போது மா விளிம்பில் அப்பினால் தண்ணீர் கூடிவிட்டது, கொஞ்சம் உலர்மா தூவு. பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டிக்குள் போகுமுன் திருத்திக்கொள்ள இத்தனை இடம் இருக்கிறது. கேக்கில் அது இல்லை. அடுப்புக்குள் போனால் போனதுதான்.

எனவே 18ஆம் திகதி எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். கையால் இடையில் திருத்தக்கூடிய பண்டத்துக்குச் சுண்டு போதும். திருத்த முடியாததற்குத் தராசு வேண்டும்.

04.12.2023

நேற்றைய வரியில் ஒரு திருத்தம். பாகும் திருத்த முடியாததுதான். பயற்றம் பணியாரம், அரியதரம், எள்ளுருண்டை எல்லாம் தராசுப் பக்கம்.

17.12.2023

நத்தாருக்கு பக்கத்து வீட்டில் கேக் அடித்தார்கள். சின்ன மகள் தாயின் பழைய குறிப்பைப் பார்த்துச் செய்தாள். பட்டர் 8 அவுன்ஸ், சீனி 8 அவுன்ஸ், மா 8 அவுன்ஸ், முட்டை 4, பால் 2 அவுன்ஸ். “8 அவுன்ஸ் ஒரு கப்” என்று எங்கேயோ பார்த்திருக்கிறாள். மாவை ஒரு கோப்பை அரித்துப் போட்டாள். பட்டர் பக்கெட்டில் 227 கிராம் என்று அச்சடித்திருந்ததால் அது சரியாக விழுந்தது. கேக் பொங்கி, நடுவில் குழி விழுந்து, எண்ணெய் கசிந்து நின்றது. பிள்ளை அழுதுவிட்டாள்.

அவுன்ஸ் என்ற சொல்லில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்று நிறை அவுன்ஸ், 28.35 கிராம். மற்றது திரவ அவுன்ஸ், ஆங்கிலேயருடையது 28.4 மில்லிலீற்றர், அமெரிக்காவுடையது 29.6. தண்ணீருக்கும் பாலுக்கும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால்தான் குழப்பம் வெளியே தெரிவதில்லை. மாவுக்கு அப்படியில்லை. 8 அவுன்ஸ் நிறை என்றால் 227 கிராம். 8 அவுன்ஸ் கொள்ளும் கோப்பையில் அரித்த மா 120 கிராமைச் சுற்றித்தான் நிற்கும். பாதி மா!

நம் தாய்மாரின் கொப்பிகளைப் புரட்டிப் பாருங்கள். கேக், பிஸ்கட், புடிங் எல்லாம் றாத்தலிலும் அவுன்ஸிலும் இருக்கும். பிட்டு, பணியாரம், கூழ் எல்லாம் சுண்டிலும் சிரட்டையிலும் மூக்குப்பேணியிலும் இருக்கும். கேக் வெள்ளைக்காரரோடு வந்தது, தன் தராசையும் கூடக் கொண்டுவந்தது. இரண்டு அடுப்படிகளின் கணக்கு ஒரே கொப்பியில் கிடக்கிறது. எனக்கு இதைப் பார்க்கப் பார்க்கப் பிடிக்கிறது. ஆனால் பார்த்தெழுதிக் கொடுக்கும்போது எந்த அவுன்ஸ் என்று பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

அந்தப் பிள்ளை நேற்று 227 கிராம் மாவோடு திரும்பச் செய்தாள். எனக்கு இரண்டு துண்டு வந்தது. மேல் பிளந்து, பொன்னிறம்.

15.01.2024

இன்று பொங்கல். ஒரு சுண்டு பச்சையரிசி, ஒரு கைபிடி வறுத்த பயறு, சர்க்கரை கண்ணளவு. ஒன்றையும் நிறுக்கவில்லை.

11.02.2024

சிட்னியில் இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா: “உங்கட குறிப்புப்படி நாலு மேசைக்கரண்டி தூள் போட்டால் இறைச்சிக் கறி ஏன் இப்பிடி உறைக்குது?” அக்கா, அவுஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர். இங்கேயும் கனடாவிலும் இங்கிலாந்திலும் 15. நீங்கள் நாலு போட்டால் எங்கள் கணக்கில் ஐந்தேகாலுக்கும் மேல். உங்கள் கரண்டியால் மூன்று போடுங்கள். தேக்கரண்டி எங்கேயும் 5தான், அதற்குப் பயமில்லை.

கோப்பைக்கும் இதே கதை. அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் மெட்ரிக் கோப்பை 250, அமெரிக்கக் கோப்பை 237. ரைஸ் குக்கரின் 180ஐ மேலே சொல்லிவிட்டேன். இந்தியக் காணொளிகளைப் பார்த்து ஆழாக்கு, படி என்று செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: அங்கே எட்டு ஆழாக்கு ஒரு படி. நம்முடைய நாலு சுண்டு ஒரு கொத்தோடு அதைப் பொருத்தக் கூடாது.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி தூளுப்பு 6 கிராம். ஆனையிறவுக் கல்லுப்பை ஓரளவு நுணுக்கி அளந்தேன், நாலரை. கல்லுப்புக்கு எழுதிய குறிப்பில் தூளுப்பைப் போட்டால் மூன்று கரண்டிக்கு ஒரு கரண்டி கூடும். ஊறுகாய் போடுகிறவர்கள் உப்பைக் கட்டாயம் நிறுங்கள். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

10.03.2024

தராசு வாங்கப்போகிறவர்களுக்கு. வீட்டில் இருக்கும் ஐந்து கிலோத் தராசு 1 கிராம் காட்டும் என்று பெட்டியில் இருக்கிறது. அப்பச்சோடா 2 கிராம் வேண்டுமென்று துளித்துளியாகத் தூவினேன். தராசு பூச்சியத்திலேயே நின்றது. இன்னும் தூவினேன். அப்போதும் பூச்சியம். தூவியதையெல்லாம் எடுத்து, பூச்சியமாக்கி, ஒரே தடவையில் திரும்பக் கொட்டினால் 5! மிக மெதுவாகப் போட்டால் சில தராசுகள் அதைத் தன் தளர்வு என்று எண்ணிப் பூச்சியத்துக்கே இழுத்துவிடும். ஆகவே சோடா, ஈஸ்ட், ஏலக்காய்த் தூள் போன்ற சின்னவற்றுக்குத் தேக்கரண்டிதான் நம்பிக்கை. நிறுத்தே ஆகவேண்டுமென்றால் வேறு பேணியில் போட்டு ஒரே தடவையில் கொட்டுங்கள்.

இன்னொன்று, நடுவில் தானாக அணைந்துபோகும். தேங்காய் துருவி முடித்து வருவதற்குள் அணைந்து, அதுவரை போட்ட மாவின் கணக்குப் போய்விட்டது. இப்போது ஒவ்வொன்றையும் போட்டவுடன் கொப்பியில் குறிக்கிறேன்.

எண்ணெய் கேட்டவருக்கு: ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் தண்ணீரைவிட இலேசு, மில்லிலீற்றருக்கு 0.92 கிராம். ஆக ஒரு போத்தல் 690 கிராம். ஒரு கடையில் கிலோவுக்கும் மற்றக் கடையில் போத்தலுக்கும் விலை சொன்னால், கிலோ விலையை 0.69ஆல் பெருக்கி ஒப்பிடுங்கள். ஒரு கிலோ எண்ணெய் ஒரு லீற்றரைவிட 87 மில்லிலீற்றர் கூட வரும்.

07.04.2024

வருடப்பிறப்புக்கு மருமகள் திரும்பவும் பணியாரம் செய்யப்போகிறாள். அவளுக்கு அனுப்பியதை இங்கேயும் போடுகிறேன்.

முதலில் உன் கையில் இருக்கும் பாத்திரத்தில் விளிம்பு வரை தண்ணீர் விட்டு நிறு. அந்த எண்ணை அடியில் நகப்பூச்சால் எழுது. அதுதான் உன் சுண்டு. அரிசி, பயறு என்றால் அந்த எண்ணை 0.84ஆல் பெருக்கு, உழுந்துக்கு 0.83, சீனிக்கு 0.86, ரவைக்கு 0.7, அரித்துத் தூவிய அரிசிமாவுக்கு 0.52, அரித்த கோதுமை மாவுக்கு 0.49. வருவது கிராம். கொப்பிக் கணக்கைக் கிராமாக்க வேண்டுமென்றால் அம்மாவின் 282ஐ வைத்துப் பெருக்கு. தேங்காய்க்கு எண் இல்லை. ஒன்றில் 250 கிராம் பூ வரும், ஒன்றில் 400 வரும், துருவிய பிறகு நிறுத்துக்கொள்.

பணியாரத்துக்கு: பயறு 950 கிராம், சீனி 680 கிராம். சுண்டு என்ற சொல்லே உன் தாளில் இருக்க வேண்டாம்.

14.04.2024

படம் வந்தது. பன்னிரண்டு வரிசை, ஒவ்வொன்றும் உருண்டு தட்டி மேல் மா சீராகப் பிடித்து. “மாமி, ஒண்டுகூட உடையேல்ல” என்று குரல்பதிவு. பின்னால் கைக்குழந்தையின் சத்தம். மூன்று தடவை கேட்டேன்.

அதோடு ஒரு கேள்வியும் அனுப்பியிருக்கிறாள். கூழுக்கு ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா) ஒரு சுண்டு என்றால் எத்தனை கிராம்?

16.04.2024

ஒடியல் மா, அரித்து, தூவி, தலை தட்டி: 164. கசப்புப் போக ஊறவைத்து வடித்த பிறகு நிறுக்க வேண்டாம், அது முழுக்கத் தண்ணீர். உலர்ந்த மாவாகவே நிறு.